தெரியாத படம்: இரைச்சலா, பூட்டா?

(மேகமலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது விஞ்ஞானம் தெரிந்தவர் என்பதாகச் சொன்னார். அது அவருடைய அன்பினால் சொல்லப்பட்டதே தவிர வேறில்லை. நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, மலையடிவாரத்தில் ஒரு ரேடியோ, டெலிவிஷன் ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். எரிந்துபோன சாமான்களைப் பிரித்துப் பார்த்தும், பழைய புத்தகங்களைத் தட்டுத் தடுமாறிப் படித்தும் தெரிந்துகொண்டதுதான் என் கல்வி. ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் எதையும் நம்ப வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே தள்ளிவிட்டுப் போங்கள்.

இன்று நான் வேறு விஷயம் பேசலாம் என்றுதான் சின்னமனூரிலிருந்து மலையேறி வந்தேன். வந்த இடத்தில் ஒரு சங்கதியைக் கண்டேன். அதனால் பேச்சை மாற்றிக் கொண்டேன்.

மத்தியானம் ஒரு லயத்து வீட்டில் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். உள்ளே டெலிவிஷன் பெட்டிக்கு மேல் ஒரு எலுமிச்சம்பழம். அதன் பக்கத்தில் திருநீறு. திரையில் படமில்லை. "என்னம்மா இது?" என்று கேட்டேன். "மூணு மாசத்துக்கு முந்தி பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்து பார்த்துட்டு, 'உன் வீட்டுப் படம் எவ்வளவு தெளிவா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போனா அய்யா. மறுநாளே படம் போச்சு. அதுலேருந்து அவகூடப் பேச்சு வார்த்தை கிடையாது" என்றார் அந்த அம்மாள்.

திரையில் என்ன இருந்தது என்று பார்த்தேன். கறுப்பாக இருந்த திரையில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தது. சந்தா முடிந்துவிட்டது, பணம் கட்டவும் என்பதுதான் அதன் அர்த்தம். அவ்வளவுதான்! வெளியூரில் வேலை பார்க்கும் மகன் மாதாமாதம் போனிலேயே பணம் கட்டி வந்திருக்கிறான். ஒரு மாதம் மறந்துவிட்டான். கீழேயிருந்து வந்த ஒரு ஆள் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "பெட்டியே போய்விட்டது" என்று சொல்லிக் கூலியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். ஒரே நிரையில் நின்று கொழுந்து கிள்ளுகிற இரண்டு பெண்கள், இங்கிலீஷ் வரி ஒன்றை வாசிக்கத் தெரியாததால் மூன்று மாதமாக முகம் பார்க்காமல் இருக்கிறார்கள். இதற்குக் கண் திருஷ்டி என்று பெயர்!

தோழர்களே! படம் தெரியாமல் போவதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. சாமான் பழுது என்பது தனி, அதை விட்டுவிடுங்கள். ஒன்று, இயற்கையில் உள்ள இரைச்சல் படத்தை மூடுவது. மற்றொன்று, மனிதன் வேண்டுமென்றே போட்ட பூட்டு. இவை இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றுக்குப் பரிகாரம் கணக்கு. மற்றொன்றுக்குப் பரிகாரம் சாவி. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவனிடம்தான் எலுமிச்சம்பழம் விலையாகிறது.

திரையில் விழுந்த பனி

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்நாளில் கம்பம் பள்ளத்தாக்கில் டெலிவிஷன் வைத்திருந்தவர் வீட்டுக் கூரையில் மூங்கில் நட்டு, அதன் மேல் ஆண்டெனா கட்டி, கொடைக்கானல் மலையில் உள்ள தூர்தர்ஷன் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். ஒருவன் கூரைமேல் நின்று திருப்ப, மற்றவன் கீழே நின்று "தெரியுது, தெரியுது, போச்சு, போச்சு" என்று கத்துவான். தென் ஜில்லாக்களில் சிலர் 1982ல் ஆரம்பித்த இலங்கை ரூபவாகினியைப் பிடிப்பதற்காகத் தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டதும் உண்டு. அவ்வளவு பாடுபட்டும் பல நாள் படத்தின் மேல் வெள்ளையும் கறுப்புமாய்ப் புள்ளிகள் கொதித்துக் கொண்டிருக்கும். 'ஸ்நோ' என்று சொல்லுவோம். பனி என்று அர்த்தம். நம் மேகமலையின் மூடுபனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? 1920களில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஜான்சன் என்பவர் ஒரு மின்தடையில் எந்த மின்சாரமும் செலுத்தாதபோதே ஒரு சிறு துடிப்பு இருப்பதை அளந்தார். நைக்விஸ்ட் என்ற அவருடைய சகா அதற்குக் கணக்கு எழுதினார். இரண்டும் 1928ல் வெளியாயின. உலோகத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தினால் சும்மா இராமல் திருவிழாக் கூட்டம்போல் இடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இடிபாடுதான் இரைச்சல். சூடு கூடினால் இரைச்சல் கூடும். அளவையும் சூத்திரம் போட்டுச் சொல்லிவிடலாம். கோபுரத்திலிருந்து வரும் அலை பலமாய் இருந்தால் இரைச்சல் அதில் அமுங்கிப் போகும். மலை மறைத்து அலை மெலிந்துபோனால் இரைச்சல் மேலே வந்துவிடும். இதில் எவளுடைய கண்ணுக்கு என்ன வேலை?

இன்னும் ஒரு ஆச்சரியத்தைக் கேளுங்கள். 1964ல் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு பேர் தங்கள் ஆண்டெனாவில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவாக இரைச்சல் கேட்கிறதே என்று திகைத்தார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டினார்கள், எச்சத்தைத் துடைத்தார்கள். அப்படியும் போகவில்லை. நம் ஊராய் இருந்தால் அந்த இடத்தில் ஒரு கோவில் எழும்பியிருக்கும். அவர்களோ விடாமல் ஆராய்ந்தார்கள். சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் கொதித்துக் கிடந்து ஆறத் தொடங்கியபோது கிளம்பிய ஒளி, நீண்டு தணிந்து இன்றைக்கும் எல்லாத் திசையிலிருந்தும் வந்து கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அதற்காக 1978ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய டெலிவிஷனில் நாம் கண்ட பனிப்புள்ளிகளில் ஒரு சிறு பங்கு அந்த ஒளியினால் ஆனது. நாம் எரிச்சலோடு தட்டி அணைத்த பெட்டியில், பிரபஞ்சத்தின் பிள்ளைப் பருவம் தெரிந்து கொண்டிருந்தது!

கொழுந்து நிறுக்கும் தராசு

சரி, இரைச்சலை எப்படிக் குறைப்பது? இதற்கு உங்களுக்கே தெரிந்த உதாரணம் ஒன்று சொல்லுகிறேன்.

கொழுந்து மூட்டையைத் தராசில் மாட்டுகிறீர்கள். காற்றடிக்கிறது, முள் ஆடுகிறது. ஒரு தடவை பார்த்தால் 21 கிலோ; மறுதடவை 19; பிறகு 20. எதை நம்புவது? பத்துத் தடவை பார்த்து, கூட்டி, பத்தால் வகுத்துவிடுங்கள். முள் ஒருதரம் மேலே ஆடினால் ஒருதரம் கீழே ஆடும். ஆட்டத்துக்கு ஆட்டம் கழிந்துபோகும். எடை நிலைத்து நிற்கும். ஏனென்றால் எடை ஒவ்வொரு தடவையும் ஒரே உண்மையைச் சொல்லுகிறது; காற்றோ ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பொய் சொல்லுகிறது.

டெலிவிஷனிலும் இதே வித்தைதான். நம் தேசத்துப் பழைய முறையில் ஒரு விநாடிக்கு 25 முழுப் படங்கள் வரும். ஒரு சுவரைக் காட்டினால் 25 படத்திலும் அதே சுவர்தான். அதன்மேல் விழுந்த புள்ளிகள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். முந்திய படங்களை யந்திரம் நினைவில் வைத்து, பிந்திய படத்தோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் புள்ளிகள் மங்கிப்போகும். 4 படம் சேர்த்தால் இரைச்சல் பாதி. 16 படம் சேர்த்தால் கால்வாசி. பாதியைக் கால்வாசி ஆக்க நான்கு மடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். விஞ்ஞானத்தில் எதுவும் சும்மா கிடைப்பதில்லை. மந்திரத்தில்தான் எல்லாம் ஒரே வார்த்தையில் ஆகிவிடும்!

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. கொழுந்து கிள்ளும் கை ஓடிக்கொண்டே இருக்குமே, அதைச் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? ஒரு கைக்குப் பத்துக் கைகள் நிழலாய் இழுபடும். ஆகவே யந்திரம் முதலில் எந்த இடம் அசைகிறது, எந்த இடம் அசையாமல் இருக்கிறது என்று பார்க்கிறது. அசையாத இடத்தில் பழையதைச் சேர்த்துக் கொள்ளுகிறது. அசையும் இடத்தில் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறது. மாறுகின்ற இடத்தில் பழையதைக் கட்டிக்கொண்டு அழுதால் படம் கெடும் என்பது ஒரு யந்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது. நம் பெரியோர்களுக்குத்தான் தெரியவில்லை.

வேறொரு முறையும் உண்டு. சந்தையில் ஏலக்காய் என்ன விலை என்று ஒன்பது பேரைக் கேட்கிறீர்கள். எட்டுப் பேர் கிட்டத்தட்ட ஒரே விலை சொல்ல, ஒருவன் குடித்துவிட்டு லட்ச ரூபாய் என்கிறான். சராசரி எடுத்தால் அந்தக் குடிகாரன் கணக்கைக் கெடுத்துவிடுவான். ஒன்பது விலையையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் வைத்து நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டால், அவன் எவ்வளவு கத்தினாலும் ஓரத்தில்தான் நிற்பான். படத்தில் திடீரென்று தெறிக்கும் வெள்ளைப் புள்ளியை இப்படித்தான் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு வரிசைப்படுத்தி, நடுப்புள்ளியை வைத்துத் துடைக்கிறார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். தராசு ஆடினால் பத்துத் தடவை நிறுத்துச் சரிசெய்யலாம். தராசிலேயே கள்ளம் இருந்தால்? ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோ குறைத்தே காட்டும்படி செய்திருந்தால்? ஆயிரம் தடவை நிறுத்தாலும் அந்த இரண்டு கிலோ வராது. சராசரி காற்றைத் திருத்தும், களவைத் திருத்தாது. "ஆயிரம் வருஷமாக எல்லோரும் சொல்லி வருகிறார்களே, பொய்யாகுமா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆயிரம் பேர் தனித்தனியே பார்த்துச் சொன்னால் அது சாட்சி. ஒருவன் சொன்னதை ஆயிரம் பேர் பார்க்காமலே திருப்பிச் சொன்னால் அது ஒரே கள்ளத் தராசில் ஆயிரம் தடவை நிறுத்தது. கண் திருஷ்டிக்கு ஊரெல்லாம் சாட்சி இருப்பதாகச் சொல்லுவதின் யோக்கியதை இவ்வளவுதான்.

இப்போதுள்ள டிஜிட்டல் பெட்டிகளில் பனிப்புள்ளி தெரிவதில்லை. ஏனென்றால் படம் எண்களாக மாற்றப்பட்டு வருகிறது. அந்த எண்களோடு காவல் எண்களும் சேர்ந்து வருகின்றன. 1960ல் ரீட், சாலமன் என்ற இருவர் கண்டுபிடித்த முறைப்படி, ஆரம்ப காலச் செயற்கைக்கோள் டெலிவிஷனில் 188 எண்களுக்கு 16 காவல் எண்கள் சேர்த்து அனுப்பினார்கள். வழியில் 8 எண்கள் வரை கெட்டுப்போனாலும் பெட்டியே கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும். செக்கில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோமே, அதுபோல. அதற்கு மேல் கெட்டால் திருத்த முடியாது. படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். மேகமலையில் பெருமழை பெய்யும்போது நீங்கள் காண்பது அதுதான். மூடுபனியைவிட மழைத்துளிதான் அந்த அலையை அதிகமாகக் குடிக்கிறது. மழை நின்றால் படம் வந்துவிடும். வருணனுக்குத் தேங்காய் உடைத்தாலும் வரும், உடைக்காவிட்டாலும் வரும்.

பூட்டின் சூட்சுமம்

இனிப் பூட்டுக்கு வருவோம். வரிசையாக ஆயிரம் விளக்குகள் இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். சில எரிகின்றன, சில அணைந்திருக்கின்றன. அதுதான் படம். என்னிடமும் உங்களிடமும் மட்டும் ஒரு ரகசியச் சீட்டு இருக்கிறது. அதில் 'முதல் விளக்கை மாற்று, இரண்டாவதை விட்டுவிடு, மூன்றாவதை மாற்று' என்று எழுதியிருக்கிறது. நான் அதன்படி எரிவதை அணைத்தும் அணைந்ததை ஏற்றியும் அனுப்புகிறேன். வழியில் பார்ப்பவனுக்கு வெறும் குழப்பம். நீங்கள் அதே சீட்டின்படி மறுபடி மாற்றினால் பழைய படம் வந்துவிடும். இவ்வளவுதான் பூட்டு. சீட்டு நீளமாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தால், பூட்டிய படத்துக்கும் வெறும் இரைச்சலுக்கும் பார்வையில் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. இரைச்சலைப் பற்றி 1948லும் ரகசியத்தைப் பற்றி 1949லும் கணக்கு எழுதி வெளியிட்டவர் ஒரே ஆள்தான்: பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த கிளாட் ஷானன். இரண்டும் ஒரே காசின் இரண்டு பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

டெலிவிஷனுக்குப் பூட்டுப் போடும் யோசனை பழையது. 1951ல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ஜெனித் கம்பெனி 300 வீடுகளில் 90 நாள் பரீட்சை நடத்தியது. படத்தை ஆட்டங் காணச் செய்து காற்றில் அனுப்புவார்கள். அதை நிலைநிறுத்தும் குறிப்பு மட்டும் டெலிபோன் கம்பி வழியாக வரும். ஒரு சினிமாவுக்கு ஒரு டாலர். பிற்காலத்தில் அய்ரோப்பாவில் வீடியோகிரிப்ட் என்ற பூட்டு வந்தது. படத்தின் ஒவ்வொரு கோட்டையும் ஏதோ ஒரு இடத்தில் வெட்டி, முன்பாதியைப் பின்னாலும் பின்பாதியை முன்னாலும் வைத்து அனுப்புவார்கள். ஆனால் படத்தில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்குமல்லவா? அதை வைத்தே கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் சாவி இல்லாமல் கோடுகளைப் பொருத்திவிட்டார்கள்.

நகைகளைப் போட்டுக்கொண்டு நிற்பதுதான் நடிகையின் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகையும் ஜார்ஜ் ஆன்தைல் என்ற சங்கீதக்காரரும் சேர்ந்து, நீர்மூழ்கிக் குண்டுக்கு அனுப்பும் ரேடியோக் கட்டளையை எதிரி கெடுக்காதபடி அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவச் செய்யும் முறைக்கு 1942ல் பேடண்ட் பெற்றார்கள். பியானோ வாத்தியத்தில் உள்ள துளைச் சுருளைப் பார்த்து வந்த யோசனை அது. அதற்குப் பிறப்பும் வேண்டியிருக்கவில்லை. ஆணாய் இருக்க வேண்டியும் இருக்கவில்லை. புத்தி ஒன்றே வேண்டியிருந்தது.

இன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் நடப்பது இதுதான். படத்தைப் பூட்டும் சாவி சில விநாடிகளுக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சாவியும் படத்தோடு கூடவே வருகிறது. ஆனால் அதுவும் வேறொரு பூட்டுக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் சக்தி உங்கள் பெட்டியில் உள்ள சிறு அட்டைக்கோ சில்லுக்கோ உண்டு. 'இந்த நம்பர் பெட்டிக்காரர் பணம் கட்டிவிட்டார், திறக்கலாம்' என்ற உத்தரவும் வானத்திலிருந்தே வருகிறது. உத்தரவு வராவிட்டால் அட்டை திறக்காது. 2011ல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, 2012 தொடங்கி 2017 வரை படிப்படியாக இந்தியா முழுவதும் கேபிள் டெலிவிஷனை இப்படிப் பூட்டிய டிஜிட்டல் முறைக்கு மாற்றினார்கள்.

ரகசியம் எங்கே இருக்க வேண்டும்?

1883ல் பாரிஸில் பாஷை வாத்தியாராய் இருந்த கெர்க்கோப்ஸ் என்பவர் ஒரு விதி சொன்னார். பூட்டு செய்யும் முறை எதிரிக்குத் தெரிந்துவிட்டாலும் பூட்டு கெடக்கூடாது; சாவி ஒன்றே ரகசியமாய் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. முறையையே மறைத்து வைத்து அதனால் மட்டும் பிழைக்கும் பூட்டு, பூட்டல்ல, பித்தலாட்டம்.

அய்ரோப்பிய டிஜிட்டல் டெலிவிஷனுக்காக 1994ல் ஏற்பட்ட பொதுப் பூட்டின் முறையை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 2002ல் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பிரித்துப் பார்த்து உலகம் தெரிந்துகொண்டுவிட்டது. இதற்கு மாறாக, இன்று உங்கள் கைப்போனையும் பாங்குக் கணக்கையும் காக்கும் ஏ.இ.எஸ். என்ற பூட்டு எப்படி வந்தது? 1997ல் அமெரிக்க அரசாங்க ஸ்தாபனம் ஒன்று உலகத்துக்கே போட்டி வைத்தது. யார் வேண்டுமானாலும் பூட்டுச் செய்யலாம்; யார் வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம் என்றது. பெல்ஜியம் தேசத்து இளைஞர்கள் டேமன், ரைமன் இருவருடைய முறை வென்றது. 2001ல் அதைப் பிரகடனம் செய்தார்கள். அதன் முறை அச்சில் இருக்கிறது; உங்கள் பிள்ளையும் வாசிக்கலாம். எல்லோரும் பார்த்தும் இன்றுவரை நிற்பதால்தான் அதற்கு மதிப்பு.

இப்போது நம் நாட்டுப் பூட்டைப் பாருங்கள். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்லுகிறது கௌதம தர்ம சூத்திரம். சாவியை மறைத்தார்களா? இல்லை. பூட்டு இன்னதென்று பார்க்கவே கூடாது என்றார்கள். உள்ளே அருமையான பொருள் இருக்கிறது, எங்களுக்கு மட்டும் தெரியும் என்றார்கள். உள்ளே இருப்பது பொருளா, இரைச்சலா என்று எப்படித் தெரிவது? வழி ஒன்றுதான்: திறந்து காட்டு, நாங்கள் பார்க்கிறோம் என்று கேட்பது. அதைக் கேட்கிறவனை நாஸ்திகன் என்கிறார்கள். இருக்கட்டும்.

சாவி யார் கையில்?

நான் பூட்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. படம் எடுப்பவனுக்கும் கூலி வேண்டும். உங்கள் சம்பளம் பாங்கில் விழும்போது அதற்குப் பூட்டு இல்லாவிட்டால் வழிப்போக்கன் எடுத்துக்கொண்டு போவான். பூட்டு ஏழைக்கும் வேண்டும். நான் கேட்பதெல்லாம் சாவி யார் கையில் இருக்கிறது, அவன் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதுதான்.

2007ல் தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 2011ல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்து மாதம் 70 ரூபாய்க்குப் படம் கொடுத்தார்கள். 2017ல் டிஜிட்டல் லைசென்ஸ் கிடைத்து, பெட்டியையும் இலவசமாகக் கொடுத்தார்கள். தனியார் ஏகபோகத்துக்கு எதிராக அது நல்ல காரியந்தான். ஆனால் 2022 நவம்பரில் என்ன நடந்தது? பல ஜில்லாக்களில் லட்சக்கணக்கான அரசு கேபிள் பெட்டிகள் ஒரே சமயத்தில் இருண்டுபோயின. கம்பி அறுந்ததா? இல்லை. புயலா? இல்லை. பெட்டிகளை நடத்தும் சாப்ட்வேர் ஒரு தனியார் ஒப்பந்தக்காரர் கையில் இருந்தது. அவருக்கும் கார்ப்பரேஷனுக்கும் தகராறு. பெட்டி சர்க்கார் கொடுத்தது; சாவி மட்டும் வேறொருவர் கையில்! வீட்டுக்காரன் வெளியே நிற்க, பூட்டுச் செய்தவன் திண்ணையில் உட்கார்ந்துகொண்ட கதை.

அந்த வாரம் அடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பாட்டியம்மாள் என்னிடம், "கார்த்திகை மாசம் விளக்கேத்தற நேரத்துல டி.வி. பார்த்தா சாமி சும்மா விடுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமியின் மேல் பழி போட்டுவிட்டால், ஒப்பந்தத்தை எழுதியவர்களை யார் கேட்பது? மூடநம்பிக்கை ஏழையின் நேரத்தைக் கெடுப்பதோடு நிற்கவில்லை. தப்புச் செய்தவனுக்கு ஒளிந்துகொள்ள இடமும் கொடுக்கிறது. மத்திய சர்க்காரின் பண உதவியோடு பெங்களூரில் இந்தியப் பூட்டு முறை ஒன்று உருவாகி, தூர்தர்ஷன் இலவச டிஷ்ஷுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பூட்டுச் செய்யும் புத்தி நம்மிடத்திலும் உண்டு என்பதற்கு அது அத்தாட்சி. ஆனால் நம் ஆள் செய்தான் என்பது மாத்திரம் போதாது. சாவி பொதுஜனங்களுக்குக் கட்டுப்பட்ட இடத்தில் இருக்க வேண்டும்.

அதுபோலவே, இந்த மலையில் ஒரு தொழிலாளியின் வீட்டுத் திரையில் பணம் கட்டச் சொல்லும் வரி இங்கிலீஷில் ஏன் வர வேண்டும்? அது பூட்டுக்கு மேல் பூட்டல்லவா? தமிழில் எழுதினால் எந்தக் கம்பெனி முழுகிப்போகும்? அந்த ஒரு வரி தமிழில் இருந்திருந்தால் இரண்டு பெண்களுக்குள் மூன்று மாத விரோதம் ஏற்பட்டிருக்காது. பெட்டி போய்விட்டதென்று ஒருவன் கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கவும் முடியாது. உங்கள் சந்தாவில் நடக்கிறவர்களிடம் இதைக் கேட்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. நாலு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள்; எழுதத் தெரியாவிட்டால் கூட்டம் முடிந்ததும் நான் எழுதித் தருகிறேன்.

ஆகவே தோழர்களே! இனிமேல் படம் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். திரை கறுப்பாகி எழுத்து வருகிறதா? அப்படியானால் அது பூட்டாக இருக்கலாம். எழுத்தை வாசிக்கச் செய்து, பணம் பாக்கியா என்று பாருங்கள். படம் சதுரமாய் உடைகிறதா? அது இரைச்சல்; மழை நிற்கும்வரை பொறுங்கள், மழையில்லாவிட்டால் டிஷ்ஷின் மூலையையும் கம்பியையும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சாமான் பழுது. இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுப் பிறகு காசைக் கொடுங்கள். நான்காவது கேள்வி, பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்பது, வேண்டவே வேண்டாம்.

மத்தியானம் நான் சென்ற வீட்டில், அந்த அம்மாள் போனில் சொன்னவுடனே மகன் பணம் கட்டினான். சிறிது நேரத்தில் படம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார். இவர் அவரைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. எலுமிச்சம்பழம் மட்டும் இன்னும் பெட்டியின் மேல்தான் இருக்கிறது. இரண்டு பேரும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தால் அவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான்: இன்றிரவே அந்தப் பழத்தை எடுத்து, பிழிந்து, சர்க்கரை போட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றி, ஆளுக்கொன்றாய்க் குடியுங்கள். அந்தப் பழத்தால் ஆகக்கூடிய பிரயோஜனம் அது ஒன்றே.